மருந்துத் தாளில் உள்ள வயது வரம்பு: ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு 5 வயது மகளும் 14 மாத மகனும் இருக்கிறார்கள். மகனின் எடை 9 கிலோ. சளி பிடிக்கும்போதெல்லாம் அவனுக்கு மூச்சு இரைக்கிறது. மருத்துவர் சால்பியூட்டமால் இன்ஹேலர் எழுதித் தந்தார். அதனுடன் இருந்த தாளில், 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதன் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என்று போட்டிருந்ததைப் படித்துப் பயந்து நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக, மகளுக்கு வாங்கிய சளி, இருமல் சிரப்பைப் பாதி அளவில் கொடுத்து, மார்பிலும் மூக்கின் கீழும் தைலம் தடவி வருகிறேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்கிறேன். அது தீர்ந்துவிட்டால் மகளின் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுக்கலாமா? ஒரு மருந்தில் 2 வயது, இன்னொன்றில் 6, வேறொன்றில் 12 என்று இருக்கிறதே, இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது? அடுத்த மாதம் மகனுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். 3 வயதுக்கு முன் மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்று படித்தேன். தள்ளிப்போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே செய்ய வேண்டியவை இரண்டு தெரிந்தன. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்குக் கொடுத்துவரும் சளி, இருமல் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். நிறுத்திவைத்த இன்ஹேலரைப் பற்றி, அதை எழுதித் தந்த மருத்துவரிடம் இன்றே பேசி, அவர் சொல்லும் முறைப்படி மறுபடியும் தொடங்குங்கள். பயமுறுத்தும் வரி அச்சாகியிருக்கும் மருந்து உங்கள் மகனுக்குத் தேவையானது என்றும், கேட்டவுடன் கையில் கிடைக்கும் மருந்து அவனுக்கு ஆகாதது என்றும் நான் சொல்வது முரணாகத் தோன்றலாம். வயது வரம்பாக நிற்கும் எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் அந்த முரண் விலகிவிடும். ஆகவே, வரம்புகளை எப்படிப் புரிந்துகொள்வது என்ற உங்கள் கேள்விக்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

மருந்துத் தாள்களில் அச்சாகும் வயது வரம்புகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில வரம்புகள், அந்த வயதுக்குக் கீழே அந்த மருந்து தீங்கு செய்ததைக் கண்ட பிறகு, பல நேரங்களில் குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு எழுதப்பட்டவை. வேறு சில, அந்த வயதுக் குழந்தைகளிடம் யாரும் முறையாக ஆராய்ந்து பார்க்கவில்லை என்பதை மட்டுமே சொல்பவை. இன்னும் சில, மருந்தைப் பற்றியே அல்லாமல், மாத்திரை தொண்டையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றியோ, நோயைக் கண்டறிவதில் ஏற்படக்கூடிய தாமதத்தைப் பற்றியோ எச்சரிப்பவை. எண் ஒன்றாகவே இருந்தாலும், அதன் பின்னால் உள்ள காரணத்தைப் பொறுத்து நாம் நடந்துகொள்ள வேண்டிய விதம் மாறுகிறது.

தீங்கைக் கண்டு எழுதப்பட்ட வரம்புகளைப் புரிந்துகொள்ள, பிறந்த குழந்தையின் உடல் மருந்தை எப்படிக் கையாளுகிறது என்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். வயிற்றுக்குள் போகும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. கல்லீரலில் இதற்கென உள்ள நொதிகளில் பல, பிறந்த நேரத்தில் மிகக் குறைவாகவே இருந்து, வாரங்கள் மாதங்களாக ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வளர்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், உடலின் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒரு வயதில்தான் பெரியவர்களின் நிலையை எட்டுகிறது. பெரியவர் ஒருவரின் இரத்தத்தில் காஃபின் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகிறது. பிறந்த குழந்தைக்கு அதற்கு மூன்று, நான்கு நாட்கள்கூட ஆகும். முதல் வேளை மருந்து வெளியேறுவதற்குள் இரண்டாவது, மூன்றாவது வேளை சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு குளோராம்பெனிக்கால் என்ற ஆண்டிபயாடிக்கே சான்று. அதைப் பெற்ற பச்சிளங்குழந்தைகள் சிலர் வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி, இரத்த ஓட்டம் நிலைகுலைந்து இறந்தார்கள். அந்த மருந்தை மாற்றிக் கழிக்கும் நொதி அவர்களின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை என்பதை 1959-இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் உணர்ந்தது. சல்ஃபா வகை மருந்துகளைப் பிறந்த சில வாரங்களுக்குத் தவிர்ப்பதும் இதைப் போன்ற அனுபவத்தின் விளைவே: அவை மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினை அது ஒட்டியிருக்கும் புரதத்திலிருந்து விலக்கி, மூளைக்குள் போகவிடுகின்றன.

குழந்தை சற்று வளர்ந்ததும் நிலைமை தலைகீழாகவும் மாறும். ஒரு வயதுக்கு மேல், பள்ளிக்குச் செல்லும் வயதுக்கு முன், சில மருந்துகளைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. வலிப்பு நோய் மருந்துகள் சிலவற்றில், ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டால், பெரியவரைவிடக் குழந்தைக்கு அதிகம் தேவைப்படுவது இதனால்தான். எனவே பெரியவருக்கான அளவில் பாதி, கால் என்று மனத்தில் வகுத்துக் கொடுப்பது இருபக்கமும் தவறக்கூடிய கணக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயது மட்டும் போதாது. எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் சேர்த்தே பல மருந்துகளின் அளவு முடிவாகிறது.

உறுப்புகளின் முதிர்ச்சியோடு மட்டும் எல்லா வரம்புகளும் தொடர்புடையவை அல்ல. ஃப்ளூ, சின்னம்மை போன்ற வைரஸ் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளில் சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து மூளை வீங்கும் ஒரு நோய் வந்தது. 1963-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரை விவரித்த அந்த நோய் அவர் பெயராலேயே ரை நோய்க்குறி எனப்படுகிறது. ஆஸ்பிரினுடன் அதற்குள்ள தொடர்பு தெரியவந்து, குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பது நின்ற பிறகு, அந்த நோய் மிக அரிதாகிவிட்டது. பிரிட்டன் முதலில் 12 வயது என்று வைத்த வரம்பை 2002-இல் 16 ஆக உயர்த்தியது. இந்த 16 என்பது அசைக்கக் கூடாத எண். ஆனாலும் கவாசாகி நோய் என்ற, இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கும் குழந்தைப் பருவ நோய்க்கு, மருத்துவமனையின் கண்காணிப்பில் ஆஸ்பிரின் கொடுக்கிறோம். அங்கே கொடுக்காமல் விடுவதன் ஆபத்து பெரிது என்று தெரிந்தே அந்த முடிவு எடுக்கப்படுகிறது. வீட்டில் நீங்களோ, மருந்தை விற்பவரோ எடுக்கக்கூடிய முடிவு அல்ல அது.

கோடீன் என்ற வலி, இருமல் மருந்தின் கதையை நான் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு, ஏனென்றால் அளவைக் குறைத்தால் ஆபத்தும் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையை அது உடைக்கிறது. கோடீன் நேரடியாக வேலை செய்வதைவிட, கல்லீரலில் மார்ஃபினாக மாறித்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. சிலருடைய உடல், பிறவியிலேயே அமைந்த மரபணுக் காரணத்தால், இந்த மாற்றத்தை மிக வேகமாகச் செய்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சரியான அளவில் கொடுத்தாலும் மார்ஃபின் அளவுக்கு மீறிச் சேர்ந்து மூச்சு அடங்கிவிடலாம். டான்சில் அறுவைக்குப் பின் சில குழந்தைகள் இப்படி இறந்தார்கள். எந்தக் குழந்தை அப்படிப்பட்டது என்பது பார்வையில் தெரியாது. 2013-இல் தொடங்கிய எச்சரிக்கைகள், 2017-இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனைக் கொடுக்கவே கூடாது என்ற அமெரிக்க அறிவிப்பில் வந்து நின்றன. ஐரோப்பிய மருந்து முகமையும் இதே வயதை வரம்பாக வைத்திருக்கிறது. டிரமடால் என்ற வலி மருந்துக்கும் அமெரிக்காவில் இந்த வரம்பு உண்டு. வீட்டில் பெரியவர்களின் இருமலுக்கென்று வாங்கிய சிரப் இருந்தால், அதில் கோடீன் உள்ளதா என்று இன்றே பாருங்கள்.

இப்போது உங்களைப் பயமுறுத்திய வரிக்கு வருகிறேன். ‘பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை’ என்பது இரண்டாவது வகை. ஒரு நிறுவனம் தன் மருந்துக்கு அனுமதி கேட்கும்போது, எந்த வயதினரிடம் ஆய்வு செய்து சான்று காட்டியதோ அந்த வயதுக்குத்தான் அனுமதி கிடைக்கும். நெடுங்காலம் பெரியவர்களிடம் மட்டுமே மருந்துகளை ஆராய்ந்தார்கள். குழந்தைகளிடம் ஆராய்வது செலவு மிக்கது, கடினமானது, அறநெறிக் கேள்விகள் நிறைந்தது. இப்படி மருந்து ஆய்வில் கைவிடப்பட்ட குழந்தைகளை, ஹாரி ஷர்க்கி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1960-களிலேயே ‘மருத்துவ அநாதைகள்’ என்று குறிப்பிட்டார். அமெரிக்காவில் 2002, 2003-ஆம் ஆண்டுச் சட்டங்களும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் நடைமுறைக்கு வந்த விதியும், குழந்தைகளிடம் ஆய்வு நடத்த நிறுவனங்களுக்கு ஊக்கமும் கட்டாயமும் தந்தன. குழந்தைகளுக்கென்றே தனியான இன்றியமையா மருந்துகள் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் முதன்முதலில் வெளியிட்டதும் 2007-இல்தான். இருந்தும், பழைய மருந்துகள் பலவற்றின் தாள்கள் மாறவில்லை. புதிய ஆய்வுகளும் உலகெங்கும் சேர்ந்த அனுபவமும் வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளோ முன்பு அனுமதி பெற்ற நாளின் வாசகத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

சால்பியூட்டமால் அப்படிப்பட்ட மருந்து. சுருங்கிய மூச்சுக் குழாயைத் தளர்த்தும் இதை, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரைப்புக்கு, ஸ்பேசர் எனப்படும் குழலும் முகத்தில் பொருந்தும் சிறு முகமூடியும் சேர்த்துக் கொடுக்கும்படி உலக அளவிலான ஆஸ்துமா நெறிகள் கூறுகின்றன. ஒரு வயதைத் தாண்டிய சில குழந்தைகளுக்கு, வைரஸ் சளியால் வரும் இரைப்பில் இது குறைவாகவே பலன் தருவதும் உண்டு; உங்கள் மகனுக்குப் பலன் தெரிந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அதைக் கொண்டுதான் அவர் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்வார். மருந்து எடுத்தபின் சிறிது நேரம் இதயம் வேகமாகத் துடிப்பதும், கை லேசாக நடுங்குவதும், குழந்தை துறுதுறுவென்று இருப்பதும் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தால், பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், அல்லது ஒருமுறை கொடுத்த மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்கவில்லையென்றால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

‘நிறுவப்படவில்லை’ என்று இருக்கும் மருந்தையெல்லாம் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வரி இருந்தால், தெரிந்து எழுதினாரா என்று மருத்துவரைக் கேட்பது உங்கள் உரிமை. ‘இந்த வயதில் இதற்கு என்ன சான்று இருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும்’ என்ற கேள்விக்கு அவர் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும். மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகக் கொடுப்பதற்குத்தான் அந்த வரி தடை. ‘கொடுக்கக் கூடாது’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும், பதில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நல்லது.

சளி, இருமல் சிரப்புகள் இதற்கு நேர் எதிரான நிலையில் இருக்கின்றன. மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்து, தும்மலைக் குறைக்கும் மருந்து, இருமலை அடக்கும் மருந்து, சில நேரங்களில் பாராசிட்டமால் என்று இரண்டு மூன்றைக் கலந்து தயாரிக்கப்படும் இவை, சிறு குழந்தைகளின் சளியைக் குணப்படுத்துவதாக நல்ல சான்று இல்லை. தீங்குக்குச் சான்று இருக்கிறது: இதயத் துடிப்பு தாறுமாறாவது, வலிப்பு, அளவு கடந்த தூக்கம், மூச்சுத் தளர்ச்சி, அரிதாக மரணம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றது. அதே ஆண்டில் தயாரிப்பாளர்கள் 4 வயதுவரை வேண்டாம் என்று தாங்களாகவே உறையில் அச்சிட முன்வந்தார்கள். பிரிட்டன் 2009-இல் 6 வயது என்றது. இந்தியாவில், தும்மலுக்கான குளோர்பெனிரமினும் மூக்கடைப்புக்கான பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உறையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் உத்தரவிடப்பட்டது. நாட்டுக்கு நாடு எண் மாறுவதைக் கண்டு குழம்ப வேண்டாம்; 14 மாதக் குழந்தைக்கு ஆகாது என்பதில் இவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. பயனே இல்லாத இடத்தில் சிறிய ஆபத்துக்கும் நியாயம் கிடையாது. பாதி அளவு கொடுத்தால் பாதுகாப்பு வந்துவிடாது. பயன் இல்லாததன் பாதியும் பயன் இல்லாததே.

திரவ மருந்துகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதில் குழந்தைகள் உட்பட 100-க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவே காரணமானது. அதே நச்சு கலந்த சிரப்புகளைப் பற்றி, காம்பியா நாட்டுக் குழந்தைகளின் மரணங்களை அடுத்து, 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் மீண்டும் எச்சரிக்க நேர்ந்தது. இது வயது வரம்போடு தொடர்பில்லாத, தயாரிப்பில் நேர்ந்த கேடு. ஆனாலும் இதைப் படிக்கும் ஒவ்வொரு தாயும் தந்தையும் ‘இந்த சிரப் உண்மையிலேயே தேவையா’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள இது போதிய காரணம். மருந்து கொடுத்தபின் குழந்தையின் சிறுநீர் திடீரெனக் குறைந்தாலோ நின்றாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாதாரணச் சளிக்கு மகனுக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, பால் கொடுக்கும் முன்பும் தூங்கவைக்கும் முன்பும் மூக்கைச் சுத்தம் செய்யுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் கொடுங்கள். இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் தரலாம். அவன் ஒரு வயதைக் கடந்துவிட்டதால்தான் இதைச் சொல்கிறேன்: ஒரு வயதுக்குக் கீழே, தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் முதிராத குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும் என்பதால், ஒரு சொட்டுக்கூடக் கூடாது. வெந்நீர் ஆவி பிடிக்கவைக்காதீர்கள்; அதனால் கிடைக்கும் பயனைவிட வெந்நீர் கொட்டி வெந்துபோகும் ஆபத்து பெரிது.

தைலத்தைப் பற்றிக் கேட்காமலே எழுதியிருந்தீர்கள். ஆனால் அதுவும் அதே அளவு முக்கியம். கற்பூரம், மென்தால் கலந்த தைலங்களை 2 வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது. எந்த வயதிலும் மூக்கின் கீழோ மூக்கினுள்ளோ தடவக் கூடாது. மென்தாலின் காரம் சிறு குழந்தையின் குரல்வளையைச் சட்டென்று இறுகச் செய்து, மூச்சை நிறுத்திவிடக்கூடும். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வலிக்குத் தடவும் சில எண்ணெய்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் இன்னும் கொடியது: அது தூய நிலையில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். தோலின் மேல் தடவுவதுதானே என்ற எண்ணமும் குழந்தைகள் விஷயத்தில் சரியல்ல. எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல்பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம் என்பதால், பூசியது உடலுக்குள் செல்லும் வீதமும் அதிகம். 1972-இல் பிரான்சில், ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக மிகுதியாகக் கலந்துவிட்ட குழந்தைப் பவுடரால் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது தோல்வழியாகத்தான். பல் முளைக்கும்போது ஈறில் தடவும் மரத்துப்போகச் செய்யும் களிம்புகளுக்கும் இதைப் போன்ற எச்சரிக்கை உண்டு. பென்சோகெயின் உள்ளவற்றை 2 வயதுக்குக் கீழே பயன்படுத்தவே கூடாது, அது இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும்.

பாராசிட்டமால் கேள்விக்கு நேரான பதில்: மகளின் சிரப்பை மகனுக்குக் கொடுக்கலாம், ஆனால் மில்லிலிட்டரைப் பார்த்து அல்ல, மில்லிகிராமைக் கணக்கிட்டு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 9 கிலோ எடைக்கு அது 90 முதல் 135 மில்லிகிராம் வரும். 120 என்று வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருந்தால் 1.2 மில்லி போதும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பாக இருந்தால் 5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பாக இருந்தால் 2.4 மில்லி. மூன்றும் ஒரே அளவு மருந்துதான். சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அது தேவையைவிட நான்கு மடங்கு. நான் பார்க்கும் அளவுத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நேர்கின்றன. உறையில் ‘5 மில்லியில் இத்தனை மில்லிகிராம்’ என்று எழுதியிருப்பதைப் படித்து, சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு, வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். இரண்டு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஒரே ஒரு முறை கூடிப்போவதைவிட, சில நாட்கள் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சம் கூடிப்போவதால் கல்லீரல் கெடுவதே அதிகம் பயப்பட வேண்டியது. சளி சிரப்பிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்து வந்திருந்தால் அந்த சிரப்பின் உறையைப் பார்த்து, இருப்பது தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் நீங்களாகப் பாராசிட்டமால் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற வரம்பும் இருக்கிறது. மருந்து அந்த வயதுக்கு நஞ்சு என்பது அதற்குக் காரணமில்லை. அவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் இரத்தத்திலோ மூளை உறையிலோ பரவிய தொற்றின் ஒரே அடையாளமாக இருக்கலாம். அதை மறைத்துவிட்டால் நேரம் போய்விடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் தரும் இன்னொரு மருந்தான இபுபுரோஃபேன் சில நாடுகளில் 3 மாதத்துக்கு மேல், வேறு சிலவற்றில் 6 மாதத்துக்கு மேல் தரப்படுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்திருக்கும்போதும், சின்னம்மையின்போதும், டெங்கு சந்தேகம் இருக்கும்போதும் அதை எந்த வயதிலும் தவிருங்கள்.

வயது வரம்பு மேல்நோக்கியும் இருக்கும் என்பதற்கு, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசி நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு முன்னோடியான ஒரு தடுப்பு மருந்து, குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும் நோயை அரிதாக உண்டாக்கியதால் 1999-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஆபத்து குழந்தை வளர வளரக் கூடுவதால், இன்றைய மருந்துகளின் முதல் தவணையை 15 வாரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கா வைத்தது. ஆனால் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் அதிகம் இறக்கும் நாடுகளில் அந்த எண்ணால் தடுப்பூசியை இழந்த குழந்தைகள் ஏராளம் என்பதைக் கணக்கில் கொண்டு, 2013-இல் உலக சுகாதார நிறுவனம் 2 வயதுவரை தளர்த்தியது. ஒரே ஆபத்தைத் தெரிந்துகொண்டு இரண்டு இடங்களில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. வரம்பு என்பது கொடுப்பதன் தீங்கையும் கொடுக்காமல் விடுவதன் தீங்கையும் எடைபோட்டு எடுத்த முடிவு. உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதைக் கொண்டே பதில் சொல்ல வேண்டும்.

மயக்க மருந்து பற்றி நீங்கள் படித்தது ஆதாரமற்றது அல்ல. விலங்குகளின் மூளையில் கண்ட மாற்றங்களின் அடிப்படையில், 3 வயதுக்குக் கீழே நீண்ட நேரம், அதாவது 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது பலமுறை மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆனால் குடலிறக்க அறுவை பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது. இந்தக் கவலைக்கே பதில் தேடி, குடலிறக்க அறுவை செய்யப்படும் கைக்குழந்தைகள் 700-க்கும் மேற்பட்டோரை 7 நாடுகளில் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான முழு மயக்கம், மீதிப் பேருக்கு முதுகில் மரத்துப்போகச் செய்யும் ஊசி மட்டும். 2019-இல் வெளியான முடிவின்படி, 5 வயதில் இரு பிரிவினரின் அறிவுத்திறனிலும் வேறுபாடு இல்லை. அவர்கள் உங்கள் மகனைவிடச் சின்னக் குழந்தைகள். மறுபக்கம், தள்ளிப்போட்டால் வெளியே இறங்கிய குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து உண்மையானது, அது நேர்ந்தால் அவசரமாகச் செய்யும் அறுவை நீளமாகவும் சிக்கலாகவும் இருக்கும். ஆகவே மயக்க மருந்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். இடையில் வீக்கம் கெட்டியாகி, சிவந்து, உள்ளே போகாமல், குழந்தை நிறுத்தாமல் அழுதாலோ வாந்தி எடுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாள் மாறுவதற்கு வேறொரு காரணம் வரலாம், அது உங்கள் மகனின் சளி. சளி தெளிந்த பிறகும் சில வாரங்களுக்கு மூச்சுப்பாதை எளிதில் எரிச்சலடையும் நிலையில் இருக்கும். அப்போது மயக்கம் கொடுத்தால் குரல்வளை இறுகுவதும் மூச்சுக் குழாய் சுருங்குவதும் மற்ற நேரத்தைவிட அதிகம். இரைப்பு உள்ள குழந்தைக்கு இன்னும் அதிகம். எனவே மயக்கவியல் மருத்துவரை முன்கூட்டியே சந்தித்து, கடைசியாகச் சளி பிடித்தது எப்போது, இரைப்பு எத்தனை முறை வந்தது, இன்ஹேலரை எத்தனை நாள் நிறுத்தியிருந்தீர்கள், சிரப்பில் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை எதையும் விடாமல் சொல்லுங்கள். சிரப்பின் உறையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சலோ இரைப்போ இருந்தால் சில வாரம் ஒத்திவைப்பதா, மயக்கத்துக்கு முன் சால்பியூட்டமால் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்வார். தாய்ப்பால், மற்ற பால், தண்ணீர் ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று அவர் தனித்தனியாகச் சொல்வார். குழந்தை அழுகிறானே என்று அந்த நேரத்தை மீறிவிடாதீர்கள், வயிற்றில் உள்ளது மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்துக்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. அறுவைக்குப் பின் வலிக்கு எழுதித் தரும் மருந்தின் பெயரையும், மில்லிகிராமையும், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதையும் வீடு திரும்பும் முன் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.